ஜெசிந்தா பார்த்த நீர்நாய்

குரு என்றால் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை இப்போதே மூடி வைத்துவிடலாம். எங்கள் குருவுக்குத் தாடி இல்லை. இடுப்புவலிதான் இருந்தது. பெயர் வடிவு. ஆற்று உயிர்களைப் பற்றிப் படித்தவர். படித்ததைவிட அதிகமாக நடந்து, ஐம்பது வயதுக்குள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர். நாங்கள் வடிவக்கா என்போம்.

சிஷ்யன் பெயர் கோமதிநாயகம். நாயகம் என்று கூப்பிட்டால் போதும். சுற்றுச்சூழல் படிப்பில் எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரன். ஆனால் எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்பான். சோறு வெந்துவிட்டது என்று சொன்னால்கூட ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தட்டை நீட்டுவான்.

நான் அவர்களோடு முகாமில் இருந்தவன், அவ்வளவுதான். சமையல் முறை வருகிற அன்றைக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

கோடை விடுமுறை. மலையடிவாரத்தில் ஆற்றோரமாக முகாம். அந்த ஆற்றில் இன்னும் நீர்நாய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. முன்பு இருந்தது என்று ஊரே சொன்னது. இப்போது இருக்கிறதா என்று கேட்டால் ஊரே வானத்தைப் பார்த்தது.

வந்த புதிதில் கொண்டாட்டம்தான். கயிற்றைப் பிடித்து ஆற்றைக் கடந்தோம். யானை பிளிறுகிற சத்தம் கேட்டுச் செருப்பை விட்டுவிட்டு ஓடினோம். பாறைமேல் கிடக்கும் எச்சத்தைக் குச்சியால் கிளறி, மீன்செதில் இருக்கிறதா என்று மோந்து பார்த்தோம். அம்மா போனில் "என்னப்பா படிக்கிறே?" என்று கேட்டபோது, மீனைப் பற்றி என்று சொல்லி வைத்தேன்.

அந்தக் கொண்டாட்டத்தில்தான் நாயகமும் ஜெசிந்தாவும் சிநேகமானார்கள். ஜெசிந்தா எங்களைப்போல முகாமுக்கு வந்திருந்த தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. நாயகம் கரிசல்காட்டுப் பிள்ளை, முழங்கால் தண்ணீருக்கே பயப்படுவான். ஒருநாள் கயிறு வழுக்கி ஆற்றில் விழுந்தவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டாள். சட்டை கிழிந்தது. "உயிருக்குப் பதில் சட்டை, கணக்குச் சரியாப் போச்சுல" என்று சிரித்தாள். அன்றிலிருந்து சாப்பிடுவதும் சண்டை போடுவதும் சேர்ந்துதான். அவள்தான் அவனுக்கு நீச்சல் பழக்கினாள். பாதி ஆற்றை அவன் குடித்தான்.

பிறகு வெயில் ஏறியது. ஆறு ஒடுங்கியது. நீர்நாயைக் காணோம்.

விடிவதற்கு முன்பே இரண்டிரண்டு பேராகப் போய் ஆற்றோரப் பாறையில் உட்கார்ந்து எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஒருத்தர் கண் அசந்தால் இன்னொருத்தர் கண் இருக்கட்டும் என்று ஜோடி போட்டிருந்தார் வடிவக்கா. நாங்களும் பார்த்தோம், பார்த்தோம். கொக்கு வந்தது. எருமை வந்தது. துணி துவைக்க ஆட்கள் வந்தார்கள். ரசமும் அப்பளமுமாக உடம்பு வற்றிப்போனது. கொசு மட்டும்தான் நன்றாகச் சாப்பிட்டது. கடைசி வாரத்தில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எரிச்சலாக இருந்தது. பேசினால் சண்டைதான் வரும் என்று பயமாகவும் இருந்தது.

அப்போதுதான் ஒரு காலை, ஜெசிந்தா ஓடிவந்தாள்.

"அக்கா! பாத்தேன்க்கா! நீர்நாய்!"

வடிவக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கம்மா?"

"எதிர்க்கரையில. தண்ணிக்கு மேல தலை மட்டும் தெரிஞ்சுச்சு. வாயில மீனு. பாறையில ஏறி, திரும்பி என்னையே பாத்துச்சு. வாலு நல்லா தடியா, நுனி தட்டையா இருந்துச்சுக்கா. நான் மூச்சே விடல."

நாங்கள் எல்லாரும் அந்த இடத்துக்கு ஓடினோம். அதற்குள் எருமைகள் இறங்கி மணலைக் கலக்கிவிட்டிருந்தன. கால்தடம் ஒன்றும் தேறவில்லை. அதனால் என்ன? ஜெசிந்தா பார்த்தாள், அது போதாதா? இத்தனை நாள் அலைந்தது வீணில்லை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம். அன்றைக்கு மத்தியானம் பாயசம் வைத்தேன்.

பாயசம் குடிக்கும்போதுதான் நாயகம் வாயைத் திறந்தான். அன்று காலை அவள் ஜோடி அவன்தான். விடியுமுன்னே பாறையில் சாய்ந்து தூங்கிப்போயிருக்கிறான்.

"ஏட்டி, நீ நெசமாவே பாத்தியா?"

எல்லாரும் அவனைப் பார்த்தோம்.

"என்ன கேள்வில இது?" என்றாள் ஜெசிந்தா.

"பாத்திருந்தா என்னைய எழுப்பிருப்பியே. கைக்கு எட்டுற தூரத்துலதான கெடந்தேன்."

"அசந்து தூங்கிட்டிருந்த. முந்தின நாள் உனக்குக் காய்ச்சல் வேற. எழுப்ப மனசு வரல."

"மனசு வரலையா? இந்தக் கோடை பூராவும் இதுக்காகத்தான நாயா அலையுதோம். இதுக்கு எழுப்பாம வேற எதுக்கு எழுப்புவ? போட்டோவும் எடுக்கல. தடமும் இல்ல. எல்லாரும் சோந்து கெடக்காங்கன்னு சும்மா ஒரு சந்தோசத்துக்குச் சொன்னியா? சொல்லிரு, தப்பில்ல."

ஜெசிந்தா பாயச டம்ளரைக் கீழே வைத்தாள். பாதிகூடக் குடித்திருக்கவில்லை.

"நான் பொய் சொல்லுதேங்கியா?"

"ஆதாரம் இல்லைங்கேன்."

அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாசமாய்ப் போன நாங்களும் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருப்பதுபோலத்தான் எனக்கும் பட்டது. 

"நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுல நான் ஊருக்குப் போறேன்க்கா" என்றாள் ஜெசிந்தா. வடிவக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று சாயங்காலம் வடிவக்கா ஆற்றில் காலை நனைத்தபடி உட்கார்ந்திருந்தார். நாயகம் போய்ப் பக்கத்தில் நின்றான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"ஒருத்தங்க பாத்தேன்னு சொல்லுதாங்க. சாட்சி இல்ல. அது நெசமா பொய்யான்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

வடிவக்கா காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். குதிகாலில் குத்தியிருந்த முள்ளை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். அது வரவில்லை.

"நாளைக்குக் காலைல பாறைக்கு யாரு?"

"நானும் சேவியரும்."

"சேவியர் தூங்கட்டும். ஜெசிந்தாவக் கூட்டிட்டுப் போ."

"என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கா. எங்க வருவா?"

"வேலைன்னா வருவா."

"அக்கா, நான் கேட்டதுக்குப் பதில்..."

"ரொம்ப அலுப்பா இருக்குய்யா. போய்ப் படு" என்றார் வடிவக்கா.

என்ன குரு இவர் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பெண்ணின் வார்த்தை அந்தரத்தில் தொங்குகிறது. விடிந்தால் ஊரைப் பார்த்துப் போய்விடுவாள். நல்ல சிநேகம் ஒன்று கண்ணெதிரே முறிகிறது. இவருக்கு அலுப்பாம்.

மறுநாள் காலை இரண்டு பேரும் போனார்கள். ஜெசிந்தா முன்னால் போனாள். அவள் முகம் வீங்கியிருந்தது. நாயகம் நாலு முழம் தள்ளிப் பின்னால் போனான்.

வெயில் ஏறின பிறகு திரும்பினார்கள். ஜெசிந்தா நேரே உள்ளே போய்ப் பையில் துணியை அடைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ரோட்டைப் பார்த்து நடந்தாள். நாயகத்திடம் மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்கும் என் முறைதான். உப்புமாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வடிவக்கா பாலில்லாத கட்டங்காப்பியோடு எதிரே உட்கார்ந்திருந்தார். நாயகம் வந்து வாசலில் குத்தவைத்தான்.

"என்னய்யா, என்ன வந்துச்சு?"

"நீர்நாய் வரலக்கா."

"வேற?"

அவன் முகம் லேசாகத் தெளிந்தது, விடிகிற மாதிரி. "மிளா வந்துச்சுக்கா. தாயும் குட்டியும். எம்மாடி, எவ்ளோ பெரிய மானு! தண்ணி குடிச்சுட்டு அங்கனயே நின்னுச்சு. குட்டி பயந்து பயந்து காலை வைக்குது, தாய் மூக்கால முட்டி முட்டித் தள்ளுது. பாத்துட்டே இருக்கலாம் போல இருந்துச்சு."

"நெசமாவா?" என்றார் வடிவக்கா.

"சத்தியமாக்கா!"

"போட்டோ எடுத்தியா?"

"எங்கக்கா எடுக்க? கைய அசைச்சா ஓடிரும்."

நான் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டேன். அவன் இன்னும் அந்த மிளாக் குட்டியோடுதான் இருந்தான்.

"ஜெசிந்தா என்ன சொன்னா?"

"அவ பாக்கலக்கா. தூங்கிட்டா."

"அடப் பாவமே. அவ இதுக்கு முன்னாடி மிளா பாத்திருக்காளா?"

"கடக்கரைக்காரிக்கு மிளா எங்கக்கா? வந்த நாள்லேர்ந்து மிளாவக் காட்டு, மிளாவக் காட்டுன்னு என் உயிர எடுத்தா. காட்டாம ஊருக்கு விடமாட்டேன்னு நானும் வாக்குக் குடுத்திருந்தேன்."

"பக்கத்துலதான இருந்தா?"

"கைக்கு எட்டுற தூரந்தான்."

"பொறவு எழுப்பக் கூடாதாய்யா?"

"பாவம்க்கா. ராத்திரி பூரா அழுதிருப்பா போல. கண்ணெல்லாம் வீங்கி, வாயத் தொறந்துட்டு, சின்னப்புள்ள மாதிரி தூங்கிட்டிருந்தா. எழுப்ப மன..."

நாயகம் அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ரவையைக் கொட்ட வேண்டும். நான் கொட்டவில்லை. வடிவக்கா காப்பியை ஒரு வாய் குடித்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மட்டுக்கு இரக்கம் இருந்தது அவரிடம்.

அவன் மெதுவாகக் கேட்டான். 

"அக்கா, அப்ப அவ நீர்நாயை நெசமாவே பாத்தாளா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க இல்ல. நீதான பக்கத்துல இருந்தே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கீழே ரோட்டில், வளைவுக்கு அந்தப் பக்கம், பஸ் ஹாரன் கேட்டது. ஒரே பஸ்தான். போனால் போனதுதான்.

நாயகம் எழுந்தான். வாசலைத் தாண்டினான். மறுபடி திரும்பி வந்தான்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக்கா அவ முன்னாடி போய் நிக்கிறது? என்ன சொல்லட்டும்?"

"மிளா வந்துச்சுன்னு சொல்லு" என்றார் வடிவக்கா.