சோற்றுக்குக் கூட்டிய ரெண்டு வயசு

இன்சூரன்ஸ் ஆபீசில் லிப்ட் ஓட்டும் வேலப்பன், தனக்கும் ஒரு மருத்துவ பாலிசி கேட்டுப் போனார். மேனேஜர் அவருடைய ஸ்கூல் சர்டிபிகேட்டைப் பார்த்தார். "அறுபத்தொண்ணு. அறுபது தாண்டினா பிரீமியம் ரெண்டு மடங்கு."

"நெஜ வயசு அம்பத்தொம்பது சார். மதியச் சோறு கிடைக்குமேன்னு அம்மா ரெண்டு வயசு கூட்டிச் சொல்லி ஸ்கூல்ல சேத்துட்டாங்க."

"எங்களுக்குப் பேப்பர்ல இருக்கறதுதான். போய் டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டிட்டு வாங்க."

"பேப்பர்தான்னா உடம்பை எதுக்கு சார் பாக்கணும்? சர்டிபிகேட்ல சர்க்கரை, மூட்டுவலின்னு எதுவும் எழுதலையே. இல்ல, உடம்புதான்னா அதுக்கு அம்பத்தொம்பதுதான் ஆகுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் விவரத்தை மறுபடி தட்டிப் பார்த்தார். ஆனால் கம்ப்யூட்டர் அதே ரெண்டு மடங்கைத்தான் காட்டியது.

வேலப்பன் சர்டிபிகேட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ரெண்டு வருஷச் சோத்தை அன்னைக்கே சாப்பிட்டுட்டேன் சார். பில்லு இப்பத்தான் வருது."