ஆனைமடுவில் முதலை

ஒரு காட்டில் விடிந்ததும் யாரும் வாயில் புல்லை வைக்க மாட்டார்கள். முதலில் செய்தி கேட்பார்கள். நம்புங்கள் குழந்தைகளே, அங்கே பசியைவிடச் செய்திக்குத்தான் அவசரம் அதிகம்.

ஆற்றங்கரையில் உயரமான மருதமரம் ஒன்று இருந்தது. அதன் உச்சிக் கிளையில் உட்கார்ந்து இருவாச்சியார் என்ற பெரிய பறவை செய்தி சொல்வார். அவர் குரல் மூன்று மலை தாண்டிக் கேட்கும். அவருக்குச் செய்தி திரட்டித் தர மைனா, கரிச்சான் என்று நாலைந்து பறவைகள் காடெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன.

"தெற்குச் சரிவில் தீ!" என்று மருதமரம் சொன்னால் நொடியில் சரிவு காலியாகிவிடும். எத்தனையோ உயிர்கள் அப்படிப் பிழைத்திருக்கின்றன. "கிழங்கையெல்லாம் பன்றிகள்தான் தின்று தீர்க்கின்றன!" என்று ஒருநாள் சொன்னது. அன்றிலிருந்து பன்றிகளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உண்மையில் பாதிக் கிழங்கைத் தின்றது முள்ளம்பன்றி. அது யாருக்குத் தெரியும்?

ஏன் தெரியவில்லை என்கிறீர்களா? மருதமரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செய்தியை உச்சிக் கிளையிலிருந்து கூவுவார்கள். சொன்னதில் பிழை இருந்தால், மறுநாள் எல்லாச் செய்தியும் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அடிக்கிளைக்கு இறங்கி மெல்லச் சொல்வார்கள். பன்றிச் செய்தியையும் அப்படித்தான் திருத்தினார்கள். அப்போது மரத்தடியில் ஓர் ஆமை மட்டும் இருந்தது. அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

செய்தி திரட்டும் பறவைகளில் வேகமானவன் கரிச்சான். அவனுக்குச் செம்பி என்ற புள்ளிமான் உயிர்த்தோழி. அவள் மேயும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளை, அவள் முதுகில் உட்கார்ந்தபடியே பிடித்துத் தின்பான். மான்கூட்டத்துக்கு முன்னால் நடப்பவள் செம்பிதான். அவள் திரும்பிய பக்கம் நாற்பது மான்களும் திரும்பும்.

அந்த வருடம் கோடை கொளுத்தியது, ஆறே வறண்டுபோனது. இரண்டே இடத்தில்தான் தண்ணீர் மிஞ்சியது. ஒன்று அகலமான ஆனைமடு. இன்னொன்று பாறை இடுக்கில் இருந்த சுனை. சுனைக்குப் போக ஒற்றையடிப் பாதைதான் உண்டு. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. அதனால் எல்லோரும் ஆனைமடுவிலேயே குடித்தார்கள்.

மூன்று நாளாகக் கரிச்சானுக்கு ஒரு செய்தியும் சிக்கவில்லை.

"மைனா நேற்று மட்டும் இரண்டு கொண்டுவந்தான். நீ என்ன கொண்டுவந்தாய்? வெறும் அலகா?" என்றார் இருவாச்சியார். மற்றப் பறவைகள் சிரித்தன. கரிச்சானுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் பொழுது விடியும் நேரம், புதரிலிருந்து நரி எட்டிப் பார்த்தது.

"மாப்பிள்ளை, ஆனைமடுப் பக்கம் போய்விடாதே! முதலை வந்திருக்கிறது!"

"முதலையா? நீர் பார்த்தீரா?"

"குடிக்கக் குனிந்தேன். மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இரண்டு கண்! நான் உயிரோடு நிற்பது என் அம்மா செய்த புண்ணியம். சரி, மைனாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன்."

மைனா என்ற பெயரைக் கேட்டதும் கரிச்சானுக்கு நிலைகொள்ளவில்லை. ஆனைமடு பக்கத்தில்தான் இருந்தது. ஒரு நடை பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அதற்குள் மைனா முந்திக்கொண்டால்? அவன் நேராக மருதமரத்துக்குப் பறந்தான்.

"நீ கண்ணால் பார்த்தாயா?" என்றார் இருவாச்சியார்.

கரிச்சான் மைனாவை நினைத்துக்கொண்டான். "பார்த்தேன் ஐயா."

"ஆனைமடுவில் முதலை! ஆனைமடுவில் முதலை!" என்று உச்சிக் கிளை முழங்கியது.

காடே வெலவெலத்துப்போனது. குரங்குகள் குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மரத்தில் ஏறின. மடுவுக்குப் போய்க்கொண்டிருந்த முயல்கள் பாதி வழியில் திரும்பி ஓடின. வெயில் ஏற ஏற நாக்கு வறண்டது. ஆனாலும் மடு இருந்த பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுக்கவில்லை.

"தம்பி, நீயே பார்த்தாயாமே?" என்று கேட்டாள் செம்பி.

"ஆமாம் அக்கா," என்றான் கரிச்சான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"நல்லவேளை சொன்னாய்! இல்லாவிட்டால் இன்று எந்தக் குட்டியைப் பறிகொடுத்திருப்போமோ. இந்த வெயிலில் குட்டிகளால் பாறைப் பாதையில் ஏற முடியாது, இன்று ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம். நாளைக் காலையில் செய்தி கேட்டதும் எல்லோரையும் சுனைக்குக் கூட்டிப்போகிறேன்."

அவள் நன்றி சொன்னது கரிச்சானை முள்ளாய்க் குத்தியது. முதலையை ஒருமுறை பார்த்துவிட்டாலாவது மனம் ஆறும் என்று, பிற்பகலில் ஆனைமடுவுக்குப் பறந்தான்.

மடுவில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது. அடியில் இருந்த கூழாங்கற்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. தட்டான்கள் பறந்தன. முதலை எங்குமே இல்லை.

நரி ஏன் அப்படிச் சொன்னது? அதைத் தேடிக்கொண்டு பறந்தான். சுனைக்கு மேலே, பாறை நிழலில், நரி குழைந்துகொண்டு நின்றது. அதன் எதிரே சிறுத்தை படுத்திருந்தது.

"நம்பிவிட்டார்களா?" என்று கேட்டது சிறுத்தை.

"மருதமரம் சொன்னதை நம்பாமல் இருப்பார்களா? நாளைக் காலையில் இந்த ஒற்றையடிப் பாதையில் வரிசையாக வருவார்கள். முன்னால் வருகிறவள் திரும்ப நினைத்தாலும் வழி கிடைக்காது. மிச்சம் மீதி இருந்தால் என்னை மறந்துவிடாதீர்கள்."

சிறுத்தை கொட்டாவி விட்டது. அதன் பற்களைப் பார்த்த கரிச்சான் அவற்றின் கண்ணில் படாமல் திரும்பிப் பறந்தான். எப்படியோ தட்டுத்தடுமாறி மருதமரத்துக்கு வந்து சேர்ந்தான்.

"ஐயா! முதலை இல்லை! நான் பார்க்கவே இல்லை, நரி சொன்னதைச் சொன்னேன். சுனையில் சிறுத்தை காத்திருக்கிறது. இப்போதே உச்சிக் கிளையிலிருந்து சொல்லுங்கள்!"

இருவாச்சியாரின் முகம் சுருங்கியது.

"வழக்கப்படி நாளை அடிக்கிளையில் சொல்கிறேன்."

"அதற்குள் மான்கள் கிளம்பிவிடுமே ஐயா!"

"உச்சியில் நின்று 'நாங்கள் சொன்னது தப்பு' என்று கத்தச் சொல்கிறாயா? நாளைக்கே நிஜமாகத் தீப்பிடித்தால் யார் ஓடுவார்கள்? நின்று வாதாடிக்கொண்டிருப்பார்கள். இந்தக் குரலின் மேல் இருக்கும் நம்பிக்கை போனால் காடே போய்விடும்."

பிழையை ஒப்புக்கொள்ளும் பயத்துக்கு அவர் நியாயம் கற்பித்துக்கொண்டிருந்தார் என்பது கரிச்சானுக்குப் புரிந்தது.

மாலை மங்குவதற்குள் அவன் செம்பியிடம் பறந்தான். நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தான். செம்பி அவனை உற்றுப் பார்த்தாள்.

"காலையில் பார்த்தேன் என்றாய். இப்போது பார்க்கவில்லை என்கிறாய். இதில் எதை நான் நம்ப? குட்டிகள் தாகத்தில் துவண்டு கிடக்கின்றன, தம்பி. மருதமரம் சொல்லட்டும், கேட்கிறேன்."

பொழுது விடிந்தது. மான்கூட்டம் காதை உயர்த்திக்கொண்டு நின்றது. கரிச்சான் உச்சிக் கிளையையே பார்த்தான்.

"வடக்கு மலையில் தேனடை விழுந்தது! மயில்களுக்குத் தோகை உதிரத் தொடங்கியது! மேற்குப் புதரில் சூரைப்பழம் பழுத்தது!"

அவ்வளவுதான். முதலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செம்பி தலையை ஆட்டிவிட்டுச் சுனைப் பக்கம் திரும்பினாள். நாற்பது மான்களும் திரும்பின. அதன் பிறகே இருவாச்சியார் மெதுவாக அடிக்கிளைக்கு இறங்கினார்.

கரிச்சானுக்கு வேறு வழி தெரியவில்லை. இருவாச்சியாரைத் தவிர வேறெந்தப் பறவையும் உட்காரத் துணியாத உச்சிக் கிளைக்குப் பாய்ந்தான்.

"முதலை இல்லை! நான் பொய் சொன்னேன்! சுனையில் சிறுத்தை! செம்பி அக்கா, திரும்பு!"

தொண்டை கிழியக் கத்தினான். ஆனால் அது சின்னஞ்சிறு குரல். வரிசையின் கடைசியில் நடந்த மான்களுக்குத்தான் எட்டியது. அவை திகைத்து நின்றன. பிறகு சிதறி ஓடின. முன்னால் போன செம்பி பாறை இடுக்குக்குள் நுழைந்துவிட்டாள்.

இடுக்கிலிருந்து ஒரே ஓர் அலறல் கேட்டது. முட்டி மோதிக்கொண்டு மற்ற மான்கள் வெளியே வந்தன. செம்பி வரவில்லை.

அந்த அலறலைக் கேட்ட இருவாச்சியார் விசுக்கென்று மேலே பறந்தார். "நேற்று நாங்கள் சொன்னது பிழை! ஆனைமடுவில் முதலை இல்லை!" என்று உச்சிக் கிளையிலிருந்து கூவினார். மூன்று மலைக்கும் கேட்டது.

தாகம் தாங்காத மான்கள் நடுங்கிக்கொண்டே ஆனைமடுவின் கரைக்கு வந்தன. ஒன்றும் வாய் வைக்கவில்லை. கரிச்சான் தண்ணீருக்குள் இறங்கிச் சிறகடித்துக் காட்டினான்.

"குடியுங்கள்! முதலை இல்லை. இப்போது என் கண்ணாலேயே பார்த்துவிட்டுச் சொல்கிறேன்!"

செம்பியின் குட்டி அவனை நிமிர்ந்து பார்த்தது. "நேற்றும் பார்த்தேன் என்றுதானே சொன்னாய்?" என்று கேட்டது.

காலடியில் தண்ணீர் இருந்தும், உச்சிவெயில் ஏறும்வரை அந்த மான்கள் தாகத்தோடு நின்றன.

நீதி: காணாததைக் கண்டதாகச் சொல்லாதே, ஊரறியச் சொன்ன பிழையை ஊரறியவே, உடனே திருத்து.