தவளைகளை அழைத்தது யார்?

கேளுங்கள். ராஜா மட்டும் யானைமேல் போக, மற்றவர்கள் வண்டியிலும் நடந்தும் போன காலத்தில், கொற்றபுரம் என்னும் ஆற்றங்கரை ஊரில் அருணந்தி என்றொரு மிளகு வணிகர் இருந்தார். அவர் வீட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்குத் தும்மல் வரும். அவ்வளவு மிளகு.

அவருக்கு ஒரே மகன், சாத்தப்பன். ஆவணி மாதத்தில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணின் பெயர் தையல்நாயகி. ஏரிக்கரைக் கிராமத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா சீராகப் பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்தார். ஐந்து முகம், அவள் இடுப்பளவு உயரம். புறப்படும்போது அதைத் தன் கையாலேயே துடைத்து வண்டியில் ஏற்றினார். வழியெல்லாம் தையல் அதைப் பிடித்துக்கொண்டேதான் வந்தாள்.

அப்படி ஒரு விளக்கு அந்தத் தெருவிலேயே கிடையாது. மாமியார் உலகநாயகிக்குத் தலைகால் புரியவில்லை. சீர்விளக்கைப் பூசையறையில் வைப்பதுதான் ஊர் வழக்கம். பூசையறையில் வைத்தால் தெருவுக்கு எப்படித் தெரியும்? அதனால் வாசற்படியை ஒட்டி, நடையின் நடுவில் வைத்தாள்.

விளக்கேற்றும் நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்தி, முன்கதவைத் திறந்து வைப்பார்கள். லட்சுமி உள்ளே வருவாள் என்று நம்பிக்கை. மற்ற வீடுகளில் சற்று நேரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். இந்த வீட்டில் மட்டும், தெருவில் கடைசி ஆள் நடந்து முடிக்கும்வரை கதவு திறந்தே கிடந்தது. ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தன.

ஐப்பசி வந்தது. மழை வந்தது. மழையோடு தவளைகளும் வந்தன.

முதல் நாள் கூடத்தில் ஒன்று இருந்தது. இரண்டாம் நாள் சமையலறையில் மூன்று. மூன்றாம் நாள் அருணந்தி சாப்பிட உட்கார்ந்தபோது, ஒரு தவளை நேராக அவருடைய ரசத்தில் குதித்தது. அவர் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனார். மிளகு மூட்டைகளுக்கு நடுவில் தேரைகள் குடியேறின. பின்னாலேயே பாம்பு வந்துவிடுமோ என்று உலகநாயகி ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

அந்த வீட்டார் சும்மா இருக்கவில்லை. முதலில் துடைப்பத்தால் அடித்து விரட்டினார்கள். விரட்டியவை வீட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தன. அடுத்து மூலைக்கு மூலை உப்பைக் கொட்டினார்கள். மழைக்காலத்து உப்பு அல்லவா, கசிந்து தரையெல்லாம் பிசுபிசுத்தது. ஒரு சின்னத் தவளை மட்டும் அதில் மாட்டித் துடித்தது. தையல் அதை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி விட்டாள். அதை உலகநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள்.

துடைப்பமும் உப்பும் தோற்ற பிறகு, மூன்றாவதாக அவர்கள் கையில் எடுத்தது மருமகளை.

"மழை வருஷா வருஷம் பெய்யுது. தவளை இந்த வருஷந்தானே வருது? இவ வந்த பிறகுதானே?" என்றாள் சமையல்காரி.

"ஏரிக்கரைப் பொண்ணு. அதுங்களுக்குச் சொந்தக்காரி மாதிரி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

உலகநாயகி இரண்டையும் சேர்த்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை காலையில வண்டி கட்டச் சொல்றேன். மழை விடுற வரைக்கும் நீ உங்க அப்பா வீட்டுல இரும்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

தையலுக்கு அதன் அர்த்தம் தெரியும். கல்யாணமான வருஷத்திலேயே திரும்பி வந்த பெண்ணை எந்த வீடும் சுலபத்தில் மறுபடி அழைத்ததில்லை. அவளுடைய ஊரிலேயே அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். அவள் சாத்தப்பனைப் பார்த்தாள். சாத்தப்பன் நல்லவன். அம்மா பேசும்போது மட்டும் தனக்கும் வாய் இருப்பது அவனுக்கு மறந்துபோகும்.

"அத்தை, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு சாயங்காலம் இருக்கு. அதுவரைக்கும் தவளைங்களை என்கிட்ட விட்டுடுங்க" என்றாள்.

மூன்று சாயங்காலம்தானே, போகட்டும் என்று உலகநாயகி விட்டுவிட்டாள்.

முதல் சாயங்காலம் தையல் சமையலறைச் சாக்கடைத் துளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு தவளை வந்தது. துளையை அடைத்தால் தண்ணீர் தேங்கும். அதனால் கொட்டாங்கச்சியில் பொத்தல் போட்டு அந்தத் துளையில் கவிழ்த்தாள். அந்த வழி நின்றது. ஆனால் கூடத்தில் தவளைகள் இருந்தன.

இரண்டாம் சாயங்காலம் கொல்லையில் தேங்கிக் கிடந்த தண்ணீரையெல்லாம் இறைத்துக் கொட்டினாள். உடைந்த பானைகளைக் கவிழ்த்து வைத்தாள். கொல்லையில் தவளைச் சத்தம் குறைந்தது. ஆனால் கூடத்தில் தவளைகள் இருந்தன.

மூன்றாம் சாயங்காலம் அவளுக்குத் தேடிப் பார்க்க வேறு இடம் மிச்சமில்லை. வாசலுக்கு வந்து, தூணோரம் அசையாமல் உட்கார்ந்தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

உலகநாயகி வந்து ஐந்து முகத்தையும் ஏற்றிவிட்டுப் போனாள். வெளிச்சம் வாசலைத் தாண்டித் தெருவரை விழுந்தது. முதலில் ஈசல் வந்தது. பிறகு விட்டில் பூச்சிகள் வந்தன. சிறகு கருகி, விளக்கைச் சுற்றி உதிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் படிமேல் ஒரு தவளை ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கிழட்டுத் தேரை அவசரமே இல்லாமல் வந்து, முதல் பந்திக்கு அழைக்கப்பட்ட பெரிய மனிதர் மாதிரி விளக்கடியில் அமர்ந்தது.

தையலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விருந்து வைத்தது அவளுடைய அப்பா கொடுத்த விளக்கு.

இதை எப்படிச் சொல்வது? சொன்னால், 'பார்த்தாயா, உன்னோடுதான் வந்தது' என்பார்கள். சொல்லாமல் திரியை மட்டும் உள்ளே இழுத்துவிட்டு, காற்றில் அணைந்தது என்று ஒரு பொய் சொல்லலாம். ஒரு நாள் தப்பிக்கலாம். மறுநாளும் ஒரு பொய் வேண்டியிருக்கும். இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. விளக்கு அவளுடையது, வாசலில் வைத்தது அவள் இல்லை. மாமனார் முன்னால் அதைச் சொன்னால் அவள் பக்கம் ஜெயித்துவிடும். மாமியார் தலைகுனிய வேண்டியிருக்கும்.

அவள் எழுந்து உள்ளே போனாள். மாமனார், மாமியார், சாத்தப்பன் மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள்.

"அத்தை, நீங்க சொன்னது சரிதான். தவளைங்க என்னோடதான் வந்துச்சு. நான் கொண்டுவந்த விளக்குக்குப் பூச்சி வருது, பூச்சிக்குத் தவளை வருது. விளக்கைப் பூசையறைக்கு எடுத்துக்கிட்டுப் போக உத்தரவு கொடுங்க. வாசல் மாடத்துல ஒரு சின்ன அகல் போதும். லட்சுமிக்கு வழி தெரியும்."

அருணந்தி தலையசைத்தார். சாத்தப்பன் எழுந்துபோய்த் தானே அந்தக் கனத்த விளக்கைத் தூக்கி உள்ளே கொண்டுபோனான். யாரையும் கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் அதுதான்.

பிறகு தையல் ஒரு சட்டியையும் பனையோலை விசிறியையும் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள் இருந்த தவளைகள்மேல் ஒவ்வொன்றாகச் சட்டியைக் கவிழ்த்து, அடியில் விசிறியைச் செருகி, அப்படியே தூக்கித் தோட்டத்துக் கடைசியில் விட்டாள். மூட்டைச் சந்தில் இருந்தவற்றைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்தாள்.

"எதுக்குடி கையை நனைக்கிற?" என்றாள் உலகநாயகி.

"காஞ்ச கையால தொட்டா அதுங்களுக்குத் தோல் எரியும் அத்தை."

உலகநாயகி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கூடத்தில் ஒரு தவளைகூட இல்லை. சமையலறையில் இல்லை. மூட்டைகளுக்கு நடுவிலும் இல்லை. ஆனால் வாசலில் வண்டி வந்து நின்றது. சொன்ன நாளில் சொன்னபடி வந்துவிட்டது. சமையல்காரியும் பக்கத்து வீட்டுக்காரியும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

"கடைசியில இவ கொண்டுவந்த விளக்குதானாமே. நான் அப்பவே சொல்லல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

தையல் தலையைக் குனிந்துகொண்டாள். நேற்றுச் சொல்லாததை இன்றும் அவள் சொல்லவில்லை.

உலகநாயகி படியிறங்கி வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"விளக்கு அவ கொண்டுவந்தது. அதைப் பூசையறையில வைக்காம, ஊர் பார்க்கணும்னு வாசல்ல வச்சது நான். தவளையைக் கூப்பிட்டவ நான்தான். இந்தப் பொண்ணு அது தெரிஞ்சும் என்னைக் காட்டிக்கொடுக்கல."

சொல்லி முடித்ததும் தையல் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டிக்காரன் விழித்தான். "அப்ப நான் போகட்டுங்களா?" என்று கேட்டான்.

"போ. ஏரிக்கரைக்கே போ. வெறும் வண்டியாப் போகாம ஒரு மூட்டை மிளகு ஏத்திக்க. சம்பந்தியைக் கையோட அழைச்சுக்கிட்டு வா. அவர் கொடுத்த விளக்கு பூசையறையில எரியிறதை அவரே வந்து பார்க்கட்டும்" என்றாள் உலகநாயகி.

அன்று சாயங்காலம் வாசல் மாடத்தில் ஒரு சின்ன அகல் எரிந்தது. அந்தக் கிழட்டுத் தேரை வழக்கம்போல வந்து, படியில் சற்று நேரம் காத்திருந்து பார்த்தது. பந்தி போடவில்லை என்று தெரிந்ததும் தோட்டத்துப் பக்கம் நடையைக் கட்டியது.

கதை கேட்டவர்களே, இதை மனதில் வையுங்கள்: வீட்டுக்கு ஒரு தொல்லை வந்தால், அது யார் வந்த பிறகு வந்தது என்று பழி தேடாமல், எதைப் பார்த்து வந்தது என்று காரணத்தைத் தேட வேண்டும்.