வல்லூறு பார்த்தவர்

"என் கோவத்தை எடுத்துருங்கம்மா," என்றார் ஆவுடையப்பன்.

வடிவம்மை கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில், சுனைக்குப் பக்கத்தில், ஓடு வேய்ந்த ஒரு சின்ன மடம். அதில் அவர் ஒருவர்தான். ஆவுடையப்பனைவிட வயதில் ரொம்பவும் இளையவர். ஆனாலும் மனசு கெட்டுப்போனவர்கள் அங்கேதான் வந்தார்கள்.

"என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

"தம்பி கையை ஒடிச்சுட்டேன்."

தம்பி குத்தாலிங்கம் அடுத்த வீடு. நடுச்சுவர் யாருடையது என்று பேச்சு தடித்து, ஆவுடையப்பன் கையில் கிடைத்த கம்பால் அடித்துவிட்டார். எலும்பு கூடிவிட்டது. அண்ணன் தம்பிதான் கூடவில்லை.

"வீட்டுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"மாமரம். அதுல வல்லூறு ஒரு சோடி கூடு கட்டியிருக்கு."

"அதைப் பாருங்க."

"பாத்து?"

"பாருங்க."

வடிவம்மை அகப்பையைக் கழுவப் போய்விட்டார்.

ஆவுடையப்பனுக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை தூரம் வெயிலில் நடந்து வந்தது ஒரு பறவையைப் பார்க்கவா? வழியெல்லாம் முனகிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

இருந்தாலும் பார்த்தார்.

காலையில் புழக்கடைப் படியில் உட்கார்ந்துகொள்வார். ஆண் பறவை ஓணானையோ அணில் பிள்ளையையோ கொண்டு வரும். சாம்பல் முதுகு. ரத்தச் சிவப்பில் கண். பெட்டை அதை வாங்கி, காலுக்கடியில் போட்டு மிதித்து, குஞ்சுகளுக்குக் கிழித்துக் கிழித்துக் கொடுக்கும்.

பார்க்கப் பார்க்க அவருக்கு அதன்மேல் ஆத்திரமாக வந்தது.

ஒருநாள் கூட்டை அண்ணாந்து பார்க்க மரத்தடிக்கே போனார். பெட்டை விர்ரென்று இறங்கி அவர் வழுக்கையில் கீறிவிட்டுப் போனது.

மடத்துக்கு வந்தபோது மண்டையில் மஞ்சள் அப்பியிருந்தார்.

"நீங்க சொன்னதைக் கேட்டதுக்கு இதுதாம்மா மிச்சம்."

"மரத்தடிக்கு எதுக்குப் போனீங்க?"

"சும்மாதான்."

"அங்க என்ன இருக்கு?"

"குஞ்சு இருக்கு."

வடிவம்மை தலையை ஆட்டினார்.

ஆவுடையப்பன் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார். யோசித்து யோசித்துப் பார்த்தார். பெட்டை ஓணானைக் கிழிக்கும்போது அதன் மஞ்சள் கண்ணை உற்றுக் கவனித்தார். அதில் பகை இல்லை. நெல் குத்துகிறவள் நெல் குத்துகிற மாதிரி அதுபாட்டுக்குக் கிழித்தது.

இதைத்தான் அம்மை சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து கோபம் வயிற்றிலிருந்து கிளம்பும்போதே விழுங்கப் பழகினார். முதலில் தொண்டை எரிந்தது. பிறகு எரியவில்லை. பால் பொங்கி வழிந்தாலும் பேசவில்லை. மகளைச் சம்பந்தி வீட்டில் நாலு பேர் முன்னால் கேவலமாகப் பேசிவிட்டார்கள் என்று சேதி வந்தது. "போகட்டும்," என்றார்.

அவர் மனைவி செல்லத்தாய் சாணி கரைத்த வாளியை ணங்கென்று கீழே வைத்தாள்.

"கோவக்கார மனுசனா இருந்தாலும் மனுசனா இருந்தீங்க," என்றாள்.

அவர் புன்னகை செய்தார்.

ஒரு காலையில் குத்தாலிங்கம் தொரட்டிக் கம்போடு வந்தான். அவன் வீட்டுக் கோழிக்குஞ்சு ஒன்றை வல்லூறு தூக்கிவிட்டதாம்.

"கூட்டை இழுத்துப் போடப் போறேன்," என்றான்.

ஆவுடையப்பன் படியில் உட்கார்ந்திருந்தார்.

குத்தாலிங்கம் தொரட்டியைக் கிளையில் மாட்டினான். மாட்டிவிட்டு இழுக்காமல் நின்றான். திரும்பி அண்ணனைப் பார்த்தான்.

"என்னண்ணே, ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

கோபம் கிளம்பியது. நெஞ்சுவரை வந்தது. விழுங்கினார்.

"உன் இஷ்டம்."

குத்தாலிங்கம் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இழுத்தான். சுள்ளிகளும் குஞ்சுகளும் பொத்தென்று விழுந்தன. பெட்டை அலறிக்கொண்டு பாய்ந்தது. அவன் தொரட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

உள்ளிருந்து செல்லத்தாய் ஓடி வந்தாள். ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மடத்துக்குக் கிளம்பினார். நடையில் ஒரு துள்ளல்கூட இருந்தது.

"போயிட்டும்மா," என்றார். "அடியோட போயிட்டு. தம்பி என் கண் முன்னாலயே கூட்டை இழுத்துப் போட்டான். எனக்குக் கோவமே வரல."

வடிவம்மை கையில் கஞ்சிக் கலயம் இருந்தது.

"குஞ்சு?"

"ரெண்டும் கீழ விழுந்துட்டு."

"உயிர் இருக்கா?"

"பாக்கலையே."

"பாக்கலையா?"

கலயம் சுவரில் மோதிச் சிதறியது. கஞ்சி வழிந்து தரையில் இறங்கியது.

வடிவம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டார். செருப்புகூடப் போடவில்லை. அவ்வளவு வேகமாக அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. ஆவுடையப்பன் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

"அம்மா, உங்களுக்கேவா கோவம்?"

"நடங்க."

பாதி தூரத்தில் மூச்சு வாங்க மறுபடி ஆரம்பித்தார்.

"நீங்கதானம்மா வல்லூறைப் பாக்கச் சொன்னீங்க."

"நீங்க பாக்கலை. நடங்க."

மாமரத்தைச் சுற்றிக் காக்கைகள் கூடியிருந்தன. பெட்டை ஒன்றை விரட்டினால் நாலு இறங்கின. மரத்தடியில் செல்லத்தாய் விளக்குமாற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். காக்கையைத் திட்டினாள், கொழுந்தனைத் திட்டினாள், புருசனைத் திட்டினாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. பெட்டை அவளையும் கீறியிருந்தது. முழங்கையில் ரத்தம். அதற்காக அவள் மரத்தடியை விட்டு நகரவில்லை.

"தொடப் போனா அடிக்க வருதும்மா. விட்டுட்டுப் போனா காக்கா கொத்திரும்," என்றாள். "நான் என்ன செய்ய?"

"கூடை ஒண்ணும் கயிறும் கொண்டாங்க. கிளையில கட்டி அதுல விட்டா தாய் இரை கொடுக்கும்."

செல்லத்தாய் விளக்குமாற்றைப் புருசன் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

வடிவம்மை குனிந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்தார். வெள்ளைத் தூவி, இறக்கையில் அப்போதுதான் முளை விட்ட சிறகு. உள்ளங்கையில் அது பேசாமல் உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. விரலால் நெஞ்சைத் தடவினாலும் அசையவில்லை.

"ரொம்பச் சாது," என்றார் ஆவுடையப்பன்.

வடிவம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் குஞ்சின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

அதை மெதுவாக மண்ணில் வைத்தார்.

"இன்னொண்ணை எடுங்க," என்றார்.

மற்றது வேர் இடுக்கில் கிடந்தது. ஆவுடையப்பன் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். குஞ்சு மல்லாந்தது. அலகைப் பிளந்து கத்தியது. இரண்டு காலையும் தூக்கி நகங்களை அவர் கட்டை விரலில் இறக்கியது.

"ஐயோ, சனியனே."

"விடாதீங்க."

"எலும்பு வரைக்கும் இறங்குதும்மா."

கையை உதறப் பார்த்தார். அது பிடியை விடவில்லை. கிடைத்த சதையையெல்லாம் கொத்தியது. கத்தியது. மறுபடி கொத்தியது. ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்தது.

வடிவம்மையின் முகத்தில் அப்போதுதான் கடுப்புத் தணிந்தது.

"இது பொழைச்சுக்கும்," என்றார்.

ஆவுடையப்பன் கையைப் பார்த்தார். மண்ணில் கிடந்த மற்றதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு நடுச்சுவரின் பக்கம் திரும்பினார். அந்தத் தெருவே பல நாளாகக் கேட்காத குரல் கிளம்பியது.

"ஏலே குத்தாலிங்கம், ஏணியைத் தூக்கிட்டு வாலே."

சுவருக்கு அந்தப் பக்கம் ஏணி இழுபடும் சத்தம் உடனே கேட்டது.