அவுரிப்பொடி யாருடையது?

கூத்தங்குளம் ஜமீனில் மாவு இடிக்கிறவள் செங்கமலம். எசமானின் நரைத்த தலைக்கு அவள்தான் இலைப்பொடி பூசினாள். முதல்நாள் தலை செக்கச்செவேல் என்று ஆனது. அரண்மனை வைத்தியர் ஏகாம்பரம் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் அவள் அவுரி இலைப்பொடி பூசினாள். தலை கருகருவென்று மின்னியது. வைத்தியருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"அந்த அவுரிப்பொடி என்னுடையது! இவள் திருடிவிட்டாள்!" என்று குதித்தார்.

"பொய் சொன்னவர் இன்றைக்கே ஊரைவிட்டுப் போகணும்" என்றார் ஜமீன்தார்.

செங்கமலம் கும்பிட்டாள். "சரிங்க எசமான். வைத்தியரய்யா தன் பொடியைத் தன் வெள்ளைத் தாடியிலேயே பூசிக் காட்டட்டும்."

இதென்ன பிரமாதம்? வைத்தியர் பொடியைக் குழைத்து அப்பிக்கொண்டு, அவளை முறைத்தபடியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கழுவினால், தாடி மயில் கழுத்து மாதிரி நீலமாக இருந்தது!

"உம்ம பொடி உமக்கே தெரியலையே, வைத்தியரே!" என்று ஜமீன்தார் வாசலைக் காட்டினார்.

தாடியைத் துண்டால் மூடிக்கொண்ட வைத்தியர், "அதில் என்னடி கலந்தாய்?" என்று பல்லைக் கடித்தார்.

"ஒன்றும் கலக்கலைங்க அய்யா. முதலில் மருதாணிப்பொடி பூசி முடியைச் சிவக்க வைத்தால்தான் அவுரி கறுக்கும். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தீர்களே, அதுதான் பாதி வேலை."