குறைந்தபட்சம் இருபது லட்சம்

மாசிலாமணிக்குக் காலையிலிருந்தே கை சில்லிட்டுப் போயிருந்தது. செல்போன் சிப் கம்பெனி முதலாளி, ஐம்பத்தாறு வயசு, அறுபத்து மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர். ஆதிரையின் வீட்டு மணியை அடித்துவிட்டு வேர்த்துப் போய் நின்றார்.

ஆதிரை அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். இருந்தாலும் உரிம ஒப்பந்தம் பேசும் வித்தையை அவர் அவளிடம்தான் கற்றுக்கொண்டார். குருவுக்கு வயசா கணக்கு!

உட்கார்ந்ததும் ஒப்பந்தத்தை மேஜையில் வைத்தார்.

"மேடம், நெட்வொர்க்கோட பேசுற தொழில்நுட்பம் முழுக்க இந்த ஒப்பந்தத்தைக் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி கையில. அது இல்லாம என் சிப் எதுக்கும் ஆகாது."

"சரி."

"பதினோராம் பக்கத்தைப் பாருங்க. குறைந்தபட்ச ராயல்டி, அதாவது அவங்க தொழில்நுட்பத்துக்கு நான் கட்டுற உரிமத் தொகை. ஒரு சிப்கூட விக்கலைன்னாலும், வருஷா வருஷம் இருபது லட்சம் சிப்புக்கு உண்டான ராயல்டியைக் கட்டியே ஆகணும். அஞ்சு வருஷம்!"

"ம்."

"விக்கலைன்னா கம்பெனி போச்சு, வீடு போச்சு. அத்தனை குடும்பமும் தெருவுல நிக்கும். நாலு மணிக்கு அவங்க போன்ல கூப்பிடுவாங்க. கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா? பயமா இருக்கு மேடம். நெஜமாவே பயமா இருக்கு."

ஆதிரை அந்தப் பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"எத்தனை தோசை ஊத்தட்டும்?"

"நாலு" என்றார், யோசிக்காமல்.

நாலும் தட்டுக்கு வந்தன. முதல் தோசையே அவருக்குத் தொண்டையில் அடைத்தது. தண்ணீர் குடித்துக் குடித்து அதை முடித்தார். இரண்டாவதைத் தொடக்கூட முடியவில்லை.

"நாலுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இறங்க மாட்டேங்குதே!"

"ஊத்தினதை மறுபடி மாவாக்க முடியாது சார்."

மாசிலாமணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த இருபது லட்சம் யார் சொன்ன கணக்கு?" என்று கேட்டாள்.

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான்தான்."

"எதுக்கு?"

"நிறைய விப்போம்னு சொன்னா, சிப்புக்கு இவ்வளவுங்கிற ராயல்டியைக் குறைப்பாங்க. இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தானே அடிச்சு விடுறாங்க..."

"உங்க ஆபீஸ்ல நம்பினாங்களா?"

"சிரிச்சாங்க."

"வீட்டுல?"

"அவளும்தான்."

"நீங்க?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ உங்க வார்த்தையை அப்படியே நம்பி எழுதி வச்சது அவங்க ஒருத்தர்தான். அவங்ககிட்டயா உங்களுக்குப் பயம்?"

"இப்போ போய்க் குறைச்சுச் சொன்னா ராயல்டியை ஏத்துவாங்களே. பொய்யன்னு நினைப்பாங்களே மேடம்!"

மேஜைமேல் இருந்த போன் அதிர ஆரம்பித்தது. மணி நாலு. எடுக்கப் போன கை பாதியிலேயே நின்றது.

ஆதிரை ஒப்பந்தத்தை ஒதுக்கி, தட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"போனை எடுங்க சார். இந்தத் தடவையாவது எத்தனைன்னு வயித்தைக் கேட்டுட்டுச் சொல்லுங்க."