கரும்பித்தத்தைத் தேடியவர்

வாணியம்பாடியில் ஹகீம் ஜலாலுத்தீனிடம் யூனானி வைத்தியம் படிக்க வந்த வஹாப் பாய், குருவைவிடப் பதினேழு வயது மூத்தவர். தோல் மண்டி வேலையை உதறிவிட்டு வந்தார். எல்லாம் தங்கை மைமூனுக்காகத்தான். பிறந்த மூன்றாம் நாளே பிள்ளை இறந்துபோனதிலிருந்து அவள் புகுந்த வீட்டில் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

வைத்திய கிதாபில் ஒரு சொல் வஹாப் பாய் கண்ணில் பட்டது. மாலிகோலியா. தீராத துயரத்துக்கு யவன தேசத்துப் பழைய வைத்தியர்கள் வைத்த பெயர். கரும்பித்தம் என்று அர்த்தம். விடுவாரா மனுஷர்? ஹகீமிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பித்தத்தை வெளியே இறக்க நாற்பது நாள் தங்கைக்குப் பேதி மருந்து கொடுத்தார். தினமும் காலையில் அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கறுப்பாக ஒன்றும் தெரியவில்லை. மைமூன்தான் துரும்பாக இளைத்துப் போனாள்.

அவளுடைய மாமியாருக்கோ பொறுமை போய்விட்டது. பிள்ளை போனது ஊரில் இவளுக்கு மட்டுமா, வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள், வெள்ளிக்கிழமைக்குள் ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். வஹாப் பாய் ஓடோடி வந்தார். வெட்கத்தை விட்டு ஹகீமிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

ஹகீம் திட்டவில்லை. பேதி மருந்தை இன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினார்.

மைமூன் சமையல்கட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கிய இடத்தில், வெறுந்தரையில் கிடந்தாள். ஹகீம் வெகுநேரம் நாடி பார்த்தார். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தாய் என்று மெல்லக் கேட்டார். அவள் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஹகீம் மாமியார் பக்கம் திரும்பினார்.

“மாலிகோலியா. ரெண்டாயிரம் வருஷத்து வியாதிம்மா. பெரிய ராஜாக்களையே படுக்கப் போட்டது. தனியா விடக்கூடாது. பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்டணும்.”

கிழவிக்கு முகம் வெளுத்துவிட்டது. வியாதி என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று புலம்பிக்கொண்டே, தன் மெத்தையை எடுத்துவர உள்ளே போனாள்.

தெருமுனை வரை வஹாப் பாய் கேள்வியை அடக்கிக்கொண்டு வந்தார்.

“ஹகீம் சாகிப், கரும்பித்தத்தைப் பாத்தீங்களா?”

“இல்லை.”

“அந்தக் காலத்து வைத்தியருங்க?”

“யாரும் பாத்ததா எனக்குத் தெரியலை.”

“அப்புறம் எதுக்கு அப்படி ஒரு பேரு வச்சாங்க?”

ஹகீம் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

“யவன தேசத்துலயும் மாமியாருங்க இருந்திருப்பாங்க, பாய். போங்க, கஞ்சி எவ்வளவு இறங்குச்சுன்னு பாத்துட்டு வாங்க.”